திறந்த காரும் பிடரிக் காற்றும்

கூரையில்லாத காரில் காற்று முன்னாலிருந்துதான் அடிக்கும் என்று நினைக்கிறோம், இல்லையா? எங்களுடையது 1961 முதல் சென்னையில் தயாரித்துவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். கூரை மடக்கும் ரகம். "கண்ணெல்லாம் எரியுது, பிடரி வலிக்குது, நான் வரலைம்மா" என்று மாமியார் திருவேற்காடு கோயிலுக்குக்கூட வர மறுத்துவிட்டார்.

முன்சீட்டின் மேல் கம்பளி நூல் கட்டிப் பார்த்தேன். வண்டி ஓடும்போது நூல் முன்பக்கம் பறந்தது! முன்கண்ணாடியைத் தாண்டிய காற்று பின்னால் சுழன்று திரும்பி வருகிறது. ஆக, தடுப்பு சீட்டுக்குப் பின்னால்தான் வேண்டும்.

அட்டையில் அளவெடுத்து, அக்ரிலிக் ஷீட்டை வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் பீடிங் வைத்தோம். முன்சீட்டுகளின் முதுகில் பெல்ட்டால் இறுக்கினோம். இப்போது அத்தை நிம்மதியாக வருகிறார்.

சகோதரிகளே, சாதாரணக் கண்ணாடி வேண்டாம், உடைந்தால் குத்தும். ஓட்டுபவருக்குப் பின்பக்கம் தெளிவாகத் தெரியவேண்டும். பின்சீட்டில் குழந்தை இருந்தால், தடுப்பு ஆடுகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை அசைத்துப் பாருங்கள்.