காட்டில் ஒரு வாசிகசாலை

தமிழில் பொன் என்றால் தங்கம். ஜேர்மனியில் ஏறக்குறைய அதே உச்சரிப்பில் ஒரு நகரம் இருக்கிறது. ரைன் நதிக்கரையில் உள்ள இந்த நகரத்தைத் தலைநகராக வைத்துத்தான் நாற்பது வருடங்கள் மேற்கு ஜேர்மனியை ஆண்டார்கள். அதன் பக்கத்துக் காட்டுக்குள் நாங்கள் குடும்பத்தோடு புதையல் தேடிப் போனோம். கிடைத்தது தங்கமல்ல, பழைய புத்தகங்கள். புதிதாக வந்து குடியேறியுள்ள குடும்பங்களுக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

எங்களை அழைத்துப் போனவர்கள் மகளின் வகுப்புத் தோழி வீட்டார். விளையாட்டின் பெயர் ஜியோகாஷிங். ஒருவர் ஒரு பெட்டியை வெளியில் எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கை அறிவிப்பார். மற்றவர்கள் செய்மதி வழிகாட்டியின் உதவியோடு தேடிப் பிடிப்பார்கள். அமெரிக்க இராணுவத்தின் செய்மதிகள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞை முன்பு வேண்டுமென்றே துல்லியம் குறைக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரம் வைத்து, "ஏதாவது எடுங்கள், ஏதாவது வையுங்கள்" என்ற விதியோடு அறிவித்தார். அந்த முதல் வாளிக்குள்ளேயே புத்தகங்களும் இருந்தன. இன்று புத்தகம் மாற்றுவதற்கென்றே பெரிய பெட்டிகளை வைப்பவர்களும் உண்டு. நாங்கள் தேடிப் போனது அப்படி ஒன்றைத்தான்.

காட்டின் பெயர் கொட்டன்போர்ஸ்ட். பொன்னிலிருந்து ஒய்ஸ்கிர்ஷன் போகும் புகையிரதப் பாதையில் இந்தக் காட்டின் பெயரிலேயே ஒரு சிறு நிலையம் இருக்கிறது. ஓக் மரங்கள் நிறைந்த காடு. களிமண் தரை என்பதால் மழை பெய்தால் தண்ணீர் வற்றாது, எங்கள் சப்பாத்துகள் சேற்றில் புதைந்தன. நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும் பாதைகள் பல. பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட கிளெமன்ஸ் ஆகுஸ்ட் குதிரையில் வேட்டையாட வெட்டுவித்தவை அவை. இப்போது அதில் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள்.

கைத்தொலைபேசி காட்டிய இடத்தில் ஒரு பழைய மரம். அதன் வேருக்கடியில் இலை குவிந்து கிடந்தது. எங்கள் மகன், எட்டு வயது, முழங்காலில் இருந்து உள்ளே கையை விட்டான். "இரும்புப் பெட்டி ஒண்டு இருக்கு!" என்று கத்தினான்.

"தொடாதை!"

எங்கள் இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. பிள்ளை நடுங்கிப்போய்க் கையை இழுத்துவிட்டான். தோழி வீட்டார் எங்களைப் பார்த்தார்கள். ஊரில் மிதிவெடிக்கும் செல்லுக்கும் நடுவே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெரியாத பெட்டியைத் தொடாதே, தெரியாத பேணியை உதையாதே என்பது எங்களுக்கு அரிச்சுவடியோடு சொல்லித்தந்த பாடம். அதை ஜேர்மன் மொழியில் சொல்ல எங்களிடம் சொற்கள் போதவில்லை. மகள்தான் சொன்னாள். அவர்கள் ஒன்றும் பேசாமல் சற்றுத் தள்ளி நின்றார்கள். பிறகு நாங்களே குனிந்து அந்தப் பெட்டியை வெளியே எடுத்தோம்.

உள்ளே பொலித்தீன் பைகளில் சுற்றிய பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள், ஒரு குறிப்புக் கொப்பி, ஒரு பென்சில். மகன் குதிரைப் படம் போட்ட கதைப்புத்தகம் ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பதிலுக்கு வைக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. தோழி வீட்டார் எங்களுக்காகவும் ஒன்று வைத்தார்கள். கடன்பட்டுத் திரும்பினோம்.

வீட்டில் இருந்த தமிழ்ப் புத்தகங்கள் பதினெட்டு. அதில் ஒன்றை வைக்கலாமா என்று கேட்டாள் மகள். எங்களுக்கு மனம் வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழ்ப் புத்தகத்தைக் காட்டில் ஈரத்துக்குள் விட்டுவிட்டு வருவதா? அம்மம்மாதான் தீர்த்துவைத்தார். "எங்கட ஊர் வாசிகசாலைப் புத்தகம் எத்தினை வீடு சுத்தி வரும் தெரியுமே? வாசிக்க ஆளில்லாமல் அலமாரிக்குள்ள இருந்து என்ன செய்யப்போகுது?"

பிள்ளைகள் வாசித்து முடித்த சிறுவர் கதைப்புத்தகம் ஒன்றை இரண்டு பைகளில் சுற்றி, "இது தமிழ், குழந்தைகளுக்கான கதைகள்" என்று ஜேர்மனில் ஒரு துண்டு எழுதிச் சேர்த்து அடுத்த மாதம் வைத்தோம். பிறகு போனபோது புத்தகம் அப்படியே இருந்தது. எழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ கொப்பியில் ஜேர்மனில் எழுதியிருந்தார்கள். மகனுக்கு ஏமாற்றம். இலையுதிர் காலத்தில் மூன்றாம் முறை போனோம். புத்தகம் இல்லை. கொப்பியில் பென்சிலால், வளைந்து நெளிந்த ஒரு பிள்ளையின் கையெழுத்தில், தமிழில் இரண்டே சொற்கள்: "எடுத்தோம். நன்றி."

யார் பிள்ளையோ தெரியாது. அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதுதான் கவலை.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். பெட்டியை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே மறைத்து வையுங்கள். சாப்பாட்டுப் பொருட்கள் வைக்க வேண்டாம், விலங்குகள் பெட்டியைக் கடித்துவிடும். இயற்கைக் காப்புப் பகுதிகளில் பாதையை விட்டு விலகக்கூடாது. கோடையில் நீளக் காற்சட்டை போடுங்கள், வீடு திரும்பியதும் பிள்ளைகளின் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். காடு வேண்டாம் என்பவர்கள் பொது இடங்களில் நிற்கும் திறந்த புத்தக அலமாரிகளுக்குப் போகலாம். ஜேர்மனியின் பல ஊர்களில் அவை உண்டு. அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

எங்கள் அலமாரியில் இப்போது பதினேழு தமிழ்ப் புத்தகங்கள். பதினெட்டாவது எங்கேயோ ஒரு வீட்டில் வாசிக்கப்படுகிறது. மகன் இப்போது வேருக்கடியில் தயங்காமல் கையை விடுகிறான். எங்களுக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் வாய் திறப்பதில்லை.