தேதி வைத்தவர்கள்

ஆகஸ்ட் 15ஐ நமக்கு எடுத்துக் கொடுத்தது பஞ்சாங்கமல்ல, காங்கிரஸுமல்ல. 1945இல் ஜப்பான் சரணடைந்த நாள் அது. தென்கிழக்காசியாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை வகித்த மவுண்ட்பேட்டன், 1947 ஜூன் 4 அன்று பத்திரிகையாளர் கூட்டத்தில் தேதி கேட்கப்பட்டபோது, தன் வெற்றியின் இரண்டாம் ஆண்டு நிறைவைச் சொல்லிவைத்தார். யோசித்து வைத்ததல்ல, அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கொரியாவுக்கும் விடுதலை நாள் அதுவே. அவர்களுடைய காரணமாவது நேரானது.

காங்கிரஸின் தேதி வேறு. லாகூரில் 1929 டிசம்பர் கடைசியில் பூரண சுயராஜ்யத் தீர்மானம். அதை ஊர்தோறும் உறுதிமொழியாக வாசிக்க 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. 1947 வரை சுதந்திர தினம் என்றால் அதுதான். நிஜ சுதந்திரம் வேறொரு தேதியில் வந்துவிடவே அந்த நாள் அனாதையாயிற்று. 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்தை, சில பிரிவுகள் நீங்கலாக, இரண்டு மாதம் நிறுத்திவைத்து ஜனவரி 26இல் அமலாக்கியது அதற்கு ஒரு வீடு கொடுக்கத்தான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை.

எங்கள் அப்பத்தாவிடம் ஆகஸ்டுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அவள் தம்பி பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கிக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் உள்ளே புகுந்ததும் கடிதம் நின்றது. ஜப்பான் விழுந்தால் தபால் வரும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. விழுந்தது. மற்ற வீடுகளுக்கு வந்தது. இவளுக்குப் பல மாதம் கழித்து, மேலாள் கையெழுத்தில் ஒரு கார்டு: சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. மலேயாத் தமிழர் பல்லாயிரம் பேர் மடிந்த பாதை அது. எந்த நாள் என்று சொல்ல ஆளில்லை.

நாள் தெரியாத சாவுக்குத் திதி ஏது? ஆடி அமாவாசையை வைத்துக்கொள் என்றார்கள் பெரியவர்கள். 1947 ஆடியில் இரண்டு அமாவாசை. பஞ்சாங்கம் பார்ப்பவர் இரண்டாவதை எடுத்தார். அது ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை தேசத்துக்குச் சுதந்திரம், மறுநாள் எங்கள் வீட்டில் படையல். அப்புறம் அமாவாசை தன் போக்கில் நகர்ந்தது, அவளும் அதோடு போனாள். சட்டையில் காகிதக் கொடி குத்திக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தால், "இது சப்பான்காரன் விழுந்த நாளுல்ல, ராசா?" என்பாள். மவுண்ட்பேட்டனின் பேர்கூட அவளுக்குத் தெரியாது. சரித்திரப் புத்தகம் சொல்லாத காரணத்தைச் சரியாகத்தான் சொன்னாள் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

இன்னொன்று, அந்த வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை எதில் சேர்த்தி? சமஸ்தானம். 25 வயது ராஜகோபாலத் தொண்டைமான் இந்தியாவிடம் ஒப்புக்கொடுத்தது பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்றைத்தான். மற்றதெல்லாம் அரண்மனை வசமே. நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசு போட்ட வம்சத்தின் ராஜாதான் மறுநாளும் ராஜா. இந்த மண் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது 1948 மார்ச் 3. அதற்கு விடுமுறை கிடையாது, மிட்டாய் கிடையாது. சேர்ந்ததைக் கொண்டாடுவதா, சமஸ்தானம் போனதற்குத் துக்கப்படுவதா என்று யாருக்கும் தீர்மானமில்லை போலிருக்கிறது. தனி ஜில்லாவானது 1974 ஜனவரி 14. பொங்கலாகையால் அதையும் தனியாக நினைக்க வேண்டியதில்லை. அரண்மனை இன்று கலெக்டர் ஆபீஸ். மனுக்கொடுக்க வருகிறவர்கள் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

மார்ச் 3 அன்று பத்து வயதாயிருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இதைப் படிப்பவர் வீட்டில் அப்படி யாரும் இருந்தால், அன்று கடைவீதி திறந்திருந்ததா, வீட்டில் பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்றாவது கேட்டு எழுதிவைக்கலாம்.