ஏழு முறை கழுவிய கை

திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தில் நாள்தோறும் காலையில் காத்து நிற்கும் மாணவர் மூவர் நாங்கள். எங்களுள் இருவர் முஸ்லிம்கள்; ஒருவர் இந்து. மூவர் வீட்டிலும் அடுப்பெரிவது சிவகாசித் தொழில்களால்தான். ஒரு வீட்டுக்குப் பட்டாசு, ஒரு வீட்டுக்குத் தீப்பெட்டி, மற்றொரு வீட்டுக்குக் காலண்டர் அச்சகம் சோறிடுகிறது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அந்நிறுத்தத்துத் தேநீர்க் கடையின் பின்புறம் செந்நிற நாய் ஒன்று கிடந்தது. எலும்பும் தோலுமான உடம்பு. சொறியால் மயிர் உதிர்ந்து தோல் வெடித்திருந்தது. கழுத்திலிருந்து சீழ் வடிய, ஈக்கள் மொய்த்தன. கடைக்காரர் அதனைச் ‘செவலை’ என்றார். அதற்கிருந்த உடைமை அப்பெயர் ஒன்றே.

உள்ளதைச் சொல்வதாயின், நான்கு நாள்கள் அதனைக் கடந்தே சென்றோம். ‘ஆடையில் அசுத்தம் பட்டால் தொழுகைக்கு ஆகாதே’ என எங்களுள் இருவர் எண்ணினர். ‘பேருந்து போய்விடுமே’ என்றார் மற்றவர். காரணங்கள் வேறாயினும் அவை எங்களைக் கொண்டு சேர்த்த இடம் ஒன்றுதான்: பேருந்தின் இருக்கை.

ஐந்தாம் நாள் வகுப்பில் நாலடியார் பாடம். யானை போன்றாரின் நட்பை நீக்கி, நாய் போன்றாரின் நட்பைத் தழுவிக்கொள்ளச் சொல்லும் செய்யுளை ஆசிரியர் விளக்கினார். நெடுநாள் அறிந்த பாகனையும் யானை கொன்றுவிடும். நாயோ எறிந்த வேல் தன் உடம்பில் தைத்திருக்கும்போதும் வால் குழைக்கும் என்பது கருத்து. தேர்வுக்கெனக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன. அன்று காலையும் செவலை எங்களைக் கண்டு ஒருமுறை வாலை அசைத்திருந்தது.

மறுநாள் நாங்கள் கல்லூரிக்குச் செல்லவில்லை. சாக்கு விரித்து ஆட்டோவில் கிடத்தி, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் மயக்க ஊசி போட்டுப் புண்ணை ஆராய்ந்தார். சதைக்குள் ஒரு நைலான் கயிறு புதைந்திருந்தது. குட்டியாய் இருந்தபோது யாரோ கட்டிய கயிறு. நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. கட்டியவர் அவிழ்க்க மறந்தார், அல்லது அவிழ்க்காமலே கைவிட்டார். கயிற்றை வெட்டியெடுத்தபின், டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்து, வெளிவந்த புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்தார். எண்ணத் தொடங்கிய நாங்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். “இன்றிரவைத் தாண்டினால் பிழைக்கும்” என்றார்.

நாயைத் தூக்கியபோது எங்களுள் ஒருவர் கையில் அதன் பல் பட்டு, இரத்தம் கசியாத சிறு கீறல் விழுந்திருந்தது. அதைக் கண்ட மருத்துவர் உடனே அவரைக் குழாயடிக்கு அனுப்பினார். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆதலால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் செய்தார். அன்றே அரசு மருத்துவமனையில் முதல் தடுப்பூசி போடப்பட்டது. அதன் பின் 3, 7, 28 ஆம் நாள்களிலும் அவர் தவறாது சென்று போட்டுக்கொண்டார். நாயைப் பத்து நாள்கள் கண்காணிக்கவும் பணிக்கப்பட்டோம்.

எங்கே வைத்துப் பேணுவது? எங்கள் முஸ்லிம் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அவர்தம் தந்தையாரை நாங்கள் மூவருமே ‘அத்தா’ என்றே அழைப்போம். “கொட்டகையோடு இருக்கட்டும். வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது” என்றார் அத்தா. அக்கம்பக்கத்தாரோ, “இராஜபாளையம் நாயாக இருந்தாலும் சரி, இதற்கா இவ்வளவு செலவு?” என்றனர். வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமாய் எங்கள் மாவட்டத்துக்குப் பெயர் தேடித்தந்த அவ்வினத்துக்கு 2005 ஆம் ஆண்டில் அஞ்சல் தலையே வெளியிடப்பட்டது. செவலைக்கு அத்தகைய குலப்பெருமை ஏதுமில்லை. வலி மட்டும் எல்லா இனத்துக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் வைகறையில் மருந்திடச் சென்ற நாங்கள் திகைத்து நின்றோம். பஜ்ருத் தொழுகைக்கு எழுந்த அத்தா, கொட்டகையில் குந்தியிருந்து சிரட்டையில் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தார். அருகில் ஒரு வாளி நீரும் ஒரு சட்டி மண்ணும் இருந்தன. எங்கள் முகத்தைப் பார்த்தவர் சொன்னார்:

“தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். குர்ஆனின் 18 ஆம் அத்தியாயத்தில் குகைத் தோழர்களோடு அவர்களின் நாயும் இடம்பெற்றிருக்கிறது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவச் சொன்னவர்களும் அதே நபியவர்கள்தாம். தொடவே கூடாதென்றால் கழுவும் முறை எதற்கப்பா?”

சட்ட நூலோர் இதில் கருத்து வேறுபடுவர். அத்தா பேணுதலாகத் தம் கையை மண்ணால் ஒருமுறையும் நீரால் ஆறு முறையும் கழுவிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். மருத்துவர் 15 நிமிடம் கழுவச் சொன்னார்; அத்தா ஏழு முறை கழுவினார். ‘தொடாதே’ என்று இருவருமே சொல்லவில்லை. நான்கு நாள்களாக எங்களைத் தடுத்தது தூய்மையன்று, அருவருப்பே என்பதை அன்று உணர்ந்தோம். அருவருப்புக்கு மார்க்கத்தின் பெயரையும் பேருந்தின் பெயரையும் சூட்டியிருந்தோம்.

மூன்று திங்களில் செவலைக்குப் புதுமயிர் முளைத்தது. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்தோம். பின்னர் தீபாவளி வந்தது. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்கு வெறும் வெடியோசையாய் இருப்பது அதற்கு வானமே இடிந்து விழுவதாகும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் 1977 முதல் பறவைகள் சரணாலயம் உள்ளது. அங்கு வரும் பறவைகள் அஞ்சுமென்று அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எங்கள் ஊருக்கு அது எளிதன்று. ‘பயராபீஸ்’ என நாங்கள் வழங்கும் பட்டாசு ஆலைகளே எங்களுக்குச் சோறு. அன்றிரவு முதல் சரவெடி ஒலித்ததும் செவலை கொட்டகை மூலையில் ஒடுங்கி நடுங்கியது. அத்தா ஒன்றும் பேசவில்லை. வீட்டின் உள்ளறையில் பழைய சாக்குகளை விரித்தார். சன்னலைப் போர்வையால் மூடினார். கதவைத் திறந்து விலகி நின்றார். செவலை வாசலைத் தாண்டியது.

இப்போது அது தேநீர்க் கடையிலேயே வாழ்கிறது. கடைக்காரர் சோறிடுகிறார், ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது எங்கள் பொறுப்பு. கழுத்தைச் சுற்றி, மயிர் முளைக்காத ஒரு வளையம் மட்டும் எஞ்சியுள்ளது. காலையில் எங்களைக் கண்டதும் ஓடிவந்து கையை நக்கும். நக்கட்டும் என்று நின்றுவிட்டு, குழாயடிக்குச் சென்று கைகழுவி வருகிறோம். சில நாள்களில் அதற்குள் பேருந்து போய்விடுகிறது.