என்னைப் பற்றி எழுதுகிறீர்களா?

நான் கதை எழுதுகிறவன் என்பது எங்கள் அம்பத்தூர்த் தெருவில் பலருக்குத் தெரியும், படித்தவர்கள்தாம் குறைவு. ஆகையால் சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை, எதிர்வீட்டுப் பையன் படியேறி வந்து, "ஸார், நீங்க என்னைப் பத்தி எழுதுறீங்களாமே?" என்று கேட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷந்தான். இல்லையப்பா என்றேன். அவன் நம்பவில்லை. "ராத்திரி நீங்க வாசிக்கிறது எனக்குக் கேக்குதே!" என்றான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தேன்.

தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவன். க்ஷயரோகம், அதிலும் ரிபாம்பிஸின், ஐசோநயாஸிட் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் மசியாத வகை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் மருந்து சாப்பிட வேண்டும். வேலையும் போயிற்று. இத்தனை கஷ்டத்தில் யாருக்குத்தான் புத்தி கலங்காது என்று நானே முடிவு கட்டினேன். காரணம் கற்பிப்பது என் தொழில் அல்லவா? "தம்பி, மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று உபதேசம் செய்து அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் அவன் மனைவி வந்தாள். "தூங்கறதே இல்லை, ஸார். நான் சோத்துல என்னமோ கலக்கறேன்னு சாப்பிடவும் மாட்டேங்கறாரு. மாத்திரையெல்லாம் சாக்கடையில கொட்டிடுவேங்கறாரு. அத்தை மந்திரிக்கணும்னு சொல்றாங்க."

கொட்டினால் கிருமி ஜயிக்கும். கொட்டாவிட்டால் புத்தி போகும். என்ன செய்வது?

முடிச்சை அவிழ்த்தது வீட்டுக்கு வந்துபோகும் சுகாதார ஊழியப் பெண். "எப்போதிலிருந்து இப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மருந்து ஆரம்பித்த மூன்றாம் மாதத்திலிருந்து. உடனே டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

சைக்ளோஸெரின் என்று ஒரு காப்ஸ்யூல். கிருமியை அடக்குகிற அது மூளைக்குள்ளும் போய்ச் சிலரிடம் கைவரிசையைக் காட்டும். துக்கம், சந்தேகம், இல்லாத குரல்கள், வலிப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணங்கூட. டாக்டர் அதை மட்டும் நிறுத்தி, வேறு மருந்து சேர்த்து, மனநல வைத்தியரிடமும் காட்டச் செய்தார். சில வாரங்களில் என் 'வாசிப்பு' ஓய்ந்தது.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. 1952-ல் நியூயார்க்கின் ஸீ வியூ ஆஸ்பத்திரியில் க்ஷயரோகிகளுக்கு இப்ரோநயாஸிட் கொடுத்தார்கள். சோர்ந்து கிடந்தவர்களுக்கு அளவுமீறி உற்சாகம் பிறந்துவிட்டது! மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றாக அது ஆயிற்று. ஒரு மருந்து மனசைத் தூக்குகிறது, இன்னொன்று கவிழ்க்கிறது. இதில் நோயாளியின் 'திடம்' எங்கே வருகிறது?

சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையம் 1959-ல் அதை அறிவித்தது. வைத்தியம் வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், நர்ஸின் கண்ணும் நமக்கு வர வேண்டாமா? என் வாசற்படிக்கே வந்த அறிகுறியை நான் துன்பியல் கதையாகப் படித்தேன்.

2024-ல் நம் அரசு அனுமதித்த ஆறு மாதச் சிகிச்சையில் சைக்ளோஸெரின் இல்லை. ஆனால் அம்முறை எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. ஆகவே அந்தப் பெண்ணின் கேள்விக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பையன் குணமாகி மறுபடியும் லேத்துக்குப் போகிறான். போன மாதம் வாசலில் நின்று வெட்கத்தோடு சொன்னான்: "ஸார், இப்ப வேணும்னா எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாம்."

எழுதிவிட்டேன்.