கைகளின் எண்ணிக்கையும் கையின் வலிமையும்

இடைத்தரகரை நீக்கினால் உற்பத்தியாளர் வாழ்வார் என்பது சந்தையியல் வகுப்பறைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாதம். குஜராத்தின் ஆனந்த் தரும் பாடம் வேறு.

கறந்த பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். விலை படியவில்லையென்று விவசாயி காத்திருக்க இயலாது. ஆகவே, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் அப்பாலிருந்த பம்பாய்க்குப் பாலைக் கொண்டுசெல்லும் வழி எவரிடம் இருந்ததோ, அவரே விலையை நிர்ணயித்தார்.

1946இல் கேடா மாவட்ட விவசாயிகள் பால் தர மறுத்துப் போராடினர். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவு ஒன்றியம் கண்டனர். பின்னர் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என மூன்றடுக்கு அமைப்பு உருவாயிற்று. முகவரும் சில்லறை வணிகரும் இன்றும் உள்ளனர். கண்ணிகள் குறைந்துவிடவில்லை, கொள்முதலும் குளிரூட்டலும் பதப்படுத்தலும் உற்பத்தியாளரின் உடைமையாயின.

வழங்கல் சங்கிலியில் எத்தனை கைகள் என்று எண்ணும் ஆய்வு, காத்திருக்கும் வலிமை எந்தக் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.