கடனுக்குக் கடன்

அம்பத்தூர்
கார்த்திகை 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் மெயிலை உன் அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் "பேசாம பேங்க் பரீட்சை எழுதச் சொல்லு" என்பான். மூன்று வருஷம் கட்டிய கொந்தளிப்பு மாடல், கருத்தரங்கில் யாரோ கேட்ட ஒரே கேள்வியில் உட்கார்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இரண்டு தரம் படித்தேன்.

வானியற்பியலாளர் சந்திரசேகரைப் பற்றி எல்லா வாத்தியார்களும் சொல்லும் கதை உனக்கும் தெரியும். யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து 80 மைல் கார் ஓட்டிப்போய், சிகாகோவில் இரண்டே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தாராம். அந்த இருவர், லீயும் யாங்கும், 1957-ல் நோபல் வாங்கினார்கள். எனக்கு அந்தக் கதை ஒட்டவே இல்லை. நான் இரண்டு பேருக்கு வகுப்பெடுத்திருந்தால் பிரிவையே மூடியிருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அவருடைய சரிவராத கணக்கு. மாநிலக் கல்லூரியில் கணிதம் படிக்க ஆசைப்பட்டு, அப்பா சொல்லுக்காக இயற்பியலில் சேர்ந்தவர். 1954-ல் ஓட்டங்களின் கொந்தளிப்பைப் பற்றித் தொடர்ந்து வகுப்பெடுத்தார். மறுவருஷமே ராயல் சொசைட்டி இதழில் தன் கோட்பாட்டை வெளியிட்டார்.

சிக்கல் என்ன என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? வேகத்தின் சராசரி வேண்டுமென்றால் இரட்டைப் பெருக்கலின் சராசரி தெரியவேண்டும். அதற்கு மும்மடிப் பெருக்கல், அதற்கு நான்கு. கடனை அடைக்கக் கடன் வாங்குகிற குடும்பம்தான். எங்கேயாவது ஒரு கையெழுத்துப் போட்டு நிறுத்தவேண்டும். நான்காம் படியை இரண்டாம் படியிலிருந்தே எழுதிவிடலாம் என்று அவர் நிறுத்தினார். 1957-ல் கிரைக்னன் என்ற இயற்பியலாளர் அந்த எடுகோளையே கேள்வி கேட்டார். அறுபதுகளில் ஒகுரா என்ற ஆய்வாளர் அந்த வழியில் கணக்குப் போட்டபோது சில இடங்களில் ஆற்றல் மைனஸில் வந்து நின்றது. ஆற்றல் மைனஸில்! வட்டி என்று வைத்துக்கொள்.

சந்திரசேகர் என்ன செய்தார் தெரியுமா? கொந்தளித்த பிறகு என்ன ஆகிறது என்பதைவிட, அமைதியான ஓட்டம் எப்போது நிலைகுலைகிறது என்ற கேள்வியில் முழுதாக இறங்கினார். 1961-ல் அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம். இன்றும் அதைப் புரட்டாமல் உங்கள் துறையில் யாரும் நகரமுடியாது. அந்த 1954 வகுப்புக் குறிப்புகளையும் 2011-ல் புத்தகமாகப் போட்டார்கள். கோட்பாடு தேறவில்லை, பாடம் தேறியது.

அந்த நிலைகுலைவை ரெனால்ட்ஸ் 1883-ல் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டினார்; அதை நான் சாமி ரூம் ஊதுபத்தியை வைத்தே முப்பது வருஷம் காட்டினேன். ஒரு சாண் நேராக ஏறும், அப்புறம் சுருண்டு கலையும். பின்பெஞ்ச் பையன்கள்கூட அந்த ஒரு சாணைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். ஆராய்ச்சி என்று நான் எழுதியது ஒரே ஒரு எம்.ஃபில், அதை நானே திரும்பப் படித்ததில்லை.

ஆகவே, விட்டுவிடவா என்று என்னைக் கேட்காதே. எந்தப் படியில் கையெழுத்துப் போட்டாய் என்று சொல்.

சனிக்கிழமை கிளம்பி வா. சென்ட்ரலில் இறங்கி மூர் மார்க்கெட் பக்கம் ஆவடி லோக்கல் பிடி, ஸ்டேஷனுக்கு வருகிறேன். செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியில் 21-ஐத் தாண்டிவிட்டதாம். மதகு திறந்தால் பூந்தமல்லி வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்த உடைந்த கணக்கையும் எடுத்து வா. ரிட்டையர் ஆனதிலிருந்து என்னிடம் யாரும் கணக்குக் கொண்டுவருவதில்லை.

அன்புடன்,
அத்தை