ஒரே ஆள் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா

பிலடெல்பியா நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது வானமேக்கர் கட்டடம். துணி, செருப்பு, வாசனைத் தைலம் என்று எல்லாமே கிடைக்கும் பேரங்காடியாக நூறாண்டுக்கு மேல் நடந்த இடம். அங்கே சட்டை வாங்கப் போனவர் வாக்னரின் இசையையும் கேட்டுவிட்டு வந்தார். அப்போதெல்லாம் ஞாயிறு நீங்கலாக, நண்பகலில் ஒரு கச்சேரி, மாலையில் ஒன்று. டிக்கெட் கிடையாது. கல்லாவில் பில் போடுகிறவர் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் தலைக்கு மேலே, முழுமையாக இயங்கும் பைப் ஆர்கன்களில் உலகிலேயே பெரியது முழங்கிக்கொண்டிருக்கும்.

கடை நடந்த காலத்தில் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் உள்ளே நுழைந்த பயணி, முதலில் கழுகைத் தேடிப் போவார். கூடத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் வெண்கலக் கழுகு அது. யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் "கழுகுகிட்ட வந்துடு" என்பதுதான் ஊர்க்காரர்களின் வழக்கம். அங்கே நின்று அண்ணாந்தால் ஏழு மாடி உயரத்துக்கு வெட்டவெளி. தெற்குப் பக்கம் பொன்முலாம் பூசிய முகப்பு. அதன் பின்னால் மாடிக்கு மாடி குழாய் அறைகள். உச்சியில் ஓர் அறை, அதற்கு நேர் எதிரே வடக்குப் பக்கத்து உச்சியில் எதிரொலிக்கென்றே இன்னோர் அறை. வாசிப்பவரோ கிழக்கு மாடத்தில், ஆறு அடுக்குக் கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். குழாய்களின் எண்ணிக்கை 28,750. மிகப் பெரியது 32 அடிக்கு மேல் நீளம். விளம்பரப் படத்துக்காக ஒரு குட்டைக் குதிரையை அதற்குள் நிற்க வைத்திருக்கிறார்கள்.

இந்த வாத்தியம் கடைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக லாஸ் ஏஞ்சலஸில் செய்யப்பட்டது. வடிவமைத்தவர் ஜார்ஜ் ஆஷ்டவுன் ஆட்ஸ்லி. பாரிஸிலிருந்து வந்த ஆர்கன் கலைஞர் அலெக்ஸாந்தர் கில்மான் அந்தக் கண்காட்சியில் 40 கச்சேரிகள் செய்தார். ஆனால் செய்த நிறுவனம் நொடித்துப்போனது. ஆர்கன் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் கிடந்தது. 1909-இல் கடை முதலாளி ஜான் வானமேக்கர் அதை வாங்கினார். 13 சரக்கு வண்டிகளில் ஏற்றி வந்து, பூட்டி முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. 1911 ஜூன் 22-ஆம் தேதி, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய நேரத்தில் இங்கே முதல் ஒலி எழுந்தது.

அப்போதிருந்த பத்தாயிரம் குழாய்களின் சத்தமும் அந்தக் கூடத்துக்குப் போதவில்லை. கடையின் மேல்தளத்திலேயே தனிப் பட்டறை போட்டுப் புதுக் குழாய்கள் செய்யத் தொடங்கினார்கள். 1917-க்குள் எட்டாயிரம், 1930-க்குள் இன்னும் பத்தாயிரம். இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர் ஜானின் மகன் ராட்மன். அவருக்குச் சத்தத்தைக் கூட்டுவது மட்டும் நோக்கமாக இருக்கவில்லை. வயலின்களின் குழைவு வேண்டும், ஆர்கெஸ்ட்ராவின் நிறம் வேண்டும். தந்தி வாத்திய ஒலிக்கென்றே 88 வரிசைக் குழாய்கள் கொண்ட 67 அடி நீள அறை ஒன்று உருவானது அப்படித்தான்.

ஆனால் ஆர்கெஸ்ட்ரா இசையை ஆர்கனில் வாசிப்பது, நோட்டைப் பார்த்து அப்படியே கட்டையை அழுத்துகிற வேலை அல்ல. ஹார்மோனியத்தைப் போலவே, ஆர்கனிலும் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாது. வயலின் கலைஞர் வில்லின் அழுத்தத்தால் செய்வதை, இங்கே குழாய் அறைகளின் பலகைக் கதவுகள் செய்கின்றன. அவற்றைத் திறந்து மூடும் மிதிகள் வாசிப்பவரின் காலடியில். அதே கால்கள்தான் கீழ்ஸ்தாயியையும் வாசித்தாக வேண்டும். ஓபோ பாடுவதை ஒரு கை தொடரும்போதே, அதே கையின் கட்டைவிரல் கீழ் அடுக்குக்கு இறங்கி ஹார்னின் மெட்டை எடுக்கும். நூறு வயலின்கள் ஒரே சுரத்தில் நடுங்குகிற இடத்தை அப்படியே வாசித்தால் தந்தியடிப்பதைப் போலத்தான் கேட்கும். அதற்கு வேறொரு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும். எதை விடுவது, எதை எந்தக் குழாய்க்குக் கொடுப்பது என்ற தீர்மானங்கள்தான் கலை. 1989-இல் இங்கே தலைமை ஆர்கன் கலைஞராக வந்த பீட்டர் ரிச்சர்ட் கான்டி, எல்கரின் 'எனிக்மா வேரியேஷன்ஸ்' போன்றவற்றை இப்படி மாற்றி எழுதிப் பெயர் பெற்றவர்.

ஆர்கெஸ்ட்ரா இசையை இப்படி ஆர்கனில் வாசிப்பது அமெரிக்கக் கடைக்காரர்களின் கண்டுபிடிப்பும் அல்ல. லிவர்பூலின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் 1855 முதல் வாசித்த டபிள்யூ. டி. பெஸ்ட், ஆர்கெஸ்ட்ராவைக் கேட்க வசதியில்லாத மக்களுக்கு அதன் இசையை ஆர்கனில் கொண்டுவந்தார். அவருக்குப் பின் எட்வின் லெமேர் வாக்னரை அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் கொண்டுபோனார். ரேடியோவும் இசைத்தட்டும் பரவியதும் இந்தத் தேவை குறைந்தது. பாக் காலத்து ஆர்கனே உண்மையான ஆர்கன் என்ற கட்சி வலுத்தபோது, ஆர்கெஸ்ட்ராவை வாசிப்பது மட்டமான பாவனை என்று ஒதுக்கப்பட்டது.

அந்தக் குற்றச்சாட்டு இந்தக் கூடத்தில் நிற்காது. நிஜ ஆர்கெஸ்ட்ராவே இதோடு சேர்ந்து வாசித்திருக்கிறது. 1919-இல் இசை நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவோடு இங்கே வந்தார். ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவும் சமமாக நிற்கும் ஒரு படைப்பை ராட்மன் கேட்க, பெல்ஜியத்தின் ஜோசப் யோங்கன் 1926-இல் 'சிம்ஃபொனி கான்செர்டான்ட்' எழுதி முடித்தார். அது இங்கே அரங்கேறுவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, 1928-இல் ராட்மன் காலமானார். அதே ஆண்டு அது பிரஸ்ஸல்ஸில் அரங்கேறிவிட்டது. எந்த வாத்தியத்தை நினைத்து எழுதப்பட்டதோ, அதில் அது ஒலித்தது 2008 செப்டம்பரில். வாசித்தவர் கான்டி; உடன் வாசித்தது அதே பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா.

கட்டடத்தில் கடைசியாக இருந்த மேசீஸ் நிறுவனம், 2025 மார்ச்சில் கடையை மூடியது. தினசரிக் கச்சேரியும் அதோடு நின்றது. கட்டடம் 1978 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். ஆர்கனைப் பேணுவதற்கென்றே ஓர் அன்பர் அமைப்பும் இருக்கிறது. பிலடெல்பியா பக்கம் போகிறவர்கள், அங்கே கச்சேரி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். இருந்தால், நிகழ்ச்சி நிரலில் வாக்னரோ எல்கரோ இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பாக்கை வாசிக்க எத்தனையோ நல்ல ஆர்கன்கள் உண்டு. ஆர்கெஸ்ட்ராவை வாசிக்க இதற்கு ஈடாக வேறொன்று இல்லை.